மச்சு தாங்குமா?

"இந்த மச்சு தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லுங்கள் தம்பி."

அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். "எதைத் தாங்க வேண்டும் என்பதைப் பொறுத்தது, ஐயா. அறிக்கையில் எழுதுகிறேன்" என்றேன். கட்டடம் மண்ணோடு போய் நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கடைவீதிப் பக்கம் போகும்போதெல்லாம் அதைத் திரும்பவும் சொல்லிப் பார்க்கிறேன், வேறு வார்த்தைகளில்.

பத்திரிகை நின்று பல வருடமான பிறகும் எங்கள் ஊரில் அதற்குப் பத்திரிகை ஆபீஸ் என்றுதான் பெயர். புதிய உரிமையாளர்கள் அதை ஜவுளிக் கடை ஆக்க நினைத்தார்கள். மேல்தளம் அதற்கு ஏற்றதா என்று பார்த்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். பெரியவர் அங்கே அச்சுக்கோப்பவராக இருந்தவர். சாவி அவரிடம் இருந்ததால் என்னுடனேயே படியேறி வந்தார்.

அந்தக் காலத்து அச்சகக் கட்டடங்களின் அமைப்புக்கு ஒரு நியாயம் உண்டு. இயந்திரத்தின் எடையும் அதிர்வும் தரையோடு போக வேண்டும், அதனால் அது கீழே. ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பொறுக்குபவனுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் அச்சுக்கோப்புக் கூடம் மேலே. வடக்குச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலான ஏழு ஜன்னல்கள். வெயில் நேராக உள்ளே விழுவது குறைவு, வெளிச்சம் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வரும். கட்டியவர் யாரோ, அங்கே வேலை செய்யப் போகிறவனின் கண்ணை நினைத்துக் கட்டியிருக்கிறார்.

தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் நெருக்கமாகச் சட்டங்கள், அதற்கு மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் இறுக்கியது. அதன் மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். இன்று அப்படி ஒரு தளம் போட சேலத்தில் எனக்கு ஆள் கிடைக்காது.

பெரியவர் குனிந்து தரையைக் காட்டினார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். எழுத்துப் பெட்டிகளை அடுக்கிய தாங்கிகளின் கால்கள் பதிந்த இடம். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது கொம்பு வைத்த பழைய 'லை', 'னை' எழுத்துகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்ததையும், அப்போதும் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சொன்னார். ஈயம் தண்ணீரைவிடப் பதினோரு மடங்கு கனம். இத்தனை வருடம் அதைச் சுமந்த தளம் எங்கேயும் தொய்ந்திருக்கவில்லை.

ஆனால் மேற்குச் சுவரில் புதைந்திருந்த உத்தர நுனிகளில் மூன்றை உளியால் குத்தினேன். கை அழுத்தத்துக்கே உள்ளே போயிற்று. யாரோ பிற்காலத்தில் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளேயே தங்கிய ஈரம் மரத்தைத் தின்றுவிட்டது.

இந்தியத் தர விதிகளின்படி குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமையை, அதாவது ஆட்களும் சாமான்களும் ஏற்றும் பாரத்தை, தாங்க வேண்டும். சில்லறைக் கடை என்றால் 400. பண்டிகைக் காலத்தில் ஜவுளிக் கடை மாடியில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். "உத்தேசித்த பயன்பாட்டுக்கு இத்தளம் பாதுகாப்பானதல்ல" என்று எழுதினேன். இன்றைக்கும் அதைத்தான் எழுதுவேன்.

என்னை அரிப்பது அதற்கு அடுத்த நான்கு வரி. அழுகிய நுனிகளை வெட்டி இரும்புத் தகடு பூட்டினால், அலுவலகமாகவோ நூலகமாகவோ இதைப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு, மணல் மூட்டை அடுக்கிச் சுமைச் சோதனை செய்து பார்க்கலாம் என்று முதல் வரைவில் இருந்தது. உரிமையாளர் தரப்பிலிருந்து, "கேட்டதற்கு மட்டும் பதில் இருந்தால் போதும் சார்" என்றார்கள். எடுத்துவிட்டேன்.

அவர்கள் கேட்டது கடைக்கு ஆகுமா என்று. பெரியவர் கேட்டது நிற்குமா என்று. ஒரு கேள்விக்கு எழுதிய பதிலை இரண்டுக்கும் பதிலாகப் படிக்க விட்டுவிட்டேன். என் வரம்பு அவ்வளவுதான் என்று வாதாடலாம், பல நாள் வாதாடியும் இருக்கிறேன். அந்த நான்கு வரி இருந்திருந்தாலும் அவர்கள் இடித்திருப்பார்கள். நிலத்தின் விலை அப்படி. நம் ராசிபுரத்தில் பிறந்த வரதராஜுலு நாயுடு 1932இல் சென்னையில் தொடங்கிய இந்தியன் எக்ஸ்பிரஸ் பிற்பாடு கோயங்காவின் கைக்குப் போய், மவுண்ட் ரோடு அருகே பழைய மெட்ராஸ் கிளப் கட்டடத்தில் இயங்கியது. அந்த இடத்தில் 2010 முதல் இருப்பது ஒரு வணிக வளாகம். அத்தனை பெரிய பெயருக்கே அதுதான் கதி.

இடித்த ஒப்பந்தக்காரர் எனக்குப் போன் செய்து குறைப்பட்டார். பலமில்லை என்று நான் எழுதியதை நம்பிக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டாராம், வேலை இரண்டு மடங்கு நாள் இழுத்ததாம். சுவரின் பலம் வேறு, உத்தர நுனியின் பலம் வேறு என்று அவருக்கு விளக்கினேன். அது உண்மைதான். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு எந்த அறிக்கையிலும் பழுது பார்க்கும் வழியையும் சேர்த்து எழுதுவது என்று முடிவு செய்தேன். போன மாதம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீடு. கேட்டதற்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவசரம் என்றார்கள்.

இடிப்பதற்கு முந்தைய வாரம் பெரியவர் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸுக்கு அந்த வளைவாவது நிற்கிறது தம்பி. அது மாதிரி முன்வாசலை மட்டும் விட்டுவைக்கச் சொல்ல முடியுமா?"

"அது என் கையில் இல்லை, ஐயா" என்றேன்.

உரிமையாளரின் எண் என் கைபேசியில் இருந்தது.