கோவிந்தா கோபாலா! சிவாலய ஓட்டத்தில் கண்ட கண்கொள்ளாக் காட்சிகள்

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் வெளியூர்க்காரர்கள் விசாரிப்பது முக்கடல் சங்கமத்தைத்தான். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இப்போது கண்ணாடிப் பாலம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். சித்ரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதை அம்மன் கோயில் பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் நான் கண்ட மிகப் பெரிய காட்சி கடற்கரையில் இல்லை. மாசி மாதத்து நிலவில்லாத இரவில், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வெறுங்காலோடு போகையில் கிடைத்தது. காட்டியவன் மகாதேவன். கூட்டிப்போனது என் அக்காவின் நேர்ச்சை: மகா சிவராத்திரியை ஒட்டி எங்கள் பக்கத்துப் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் வெறுங்காலோடு ஓடித் தொழும் சிவாலய ஓட்டம்.

அக்காவுக்கு மாசம் திகையாமல் பெண் பிள்ளை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்த உயிர். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த பிள்ளையை வெளியே நின்று பார்க்க மட்டும்தான் அவளை விட்டார்கள். அந்த நாட்களில் ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கண்ணை மூடி நேர்ந்திருக்கிறாள்: "பிள்ளை நல்லபடியா வீட்டுக்கு வந்தா, எந்தம்பி பன்னிரண்டு சிவாலயமும் ஓடித் தொழுவான் மகாதேவா." கோயம்புத்தூரில் இருந்த எனக்கு அன்று ராத்திரி போனில் சொன்னாள். நேர்ந்தது அவள், ஓட வேண்டியது நான். மருமகளுக்குத் தாய்மாமன் செய்யும் சீரில் இதைவிடப் பெரிய சீர் என்ன இருக்கிறது?

பிள்ளை வந்தாள். பால் குடித்தாள், எடை கூடினாள், சிரிக்கத் தொடங்கினாள். மாசி பிறந்ததும் ஊருக்கு வந்து மாலை போட்டேன். அத்தான் பல வருஷம் ஓடியவர். அவரும் கூட வந்தார்.

சிவராத்திரிக்கு முந்தின நாள் மத்தியானம், ஓட்டம் தொடங்கும் முதல் கோயிலான முஞ்சிறை திருமலையில் கால் வைக்க இடமில்லை. பாறை மேல் இருக்கும் கோயிலின் படி முழுக்கக் காவி, ஆளுக்கு ஒரு கையில் பனையோலை விசிறி, இடுப்பில் துணிப்பை. வெயிலும் நெரிசலும் தாங்க முடியவில்லை. ஒரு விசிறிக்குச் சொன்ன விலையை வருகிற வழியில் வேறு இடத்தில் கேட்டிருந்தால் ரெண்டு வாங்கியிருக்கலாம். மாற்று உடுப்பு வைத்த பையைப் பார்த்துக்கொள்ளக்கூடக் காசு கேட்டு ஒருவர் பின்னாலேயே வந்தார். நேர்ச்சைக்கு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது பாவம். அன்றைக்கும் மனசு எரிந்தது, இப்போது எழுதும்போதும் எரிகிறது. உள்ளே போய் மகாதேவரைத் தொழுது வெளியே வந்ததும் யாரோ "கோவிந்தா" என்றார்கள். அத்தனை தொண்டையும் "கோபாலா" என்றது. அதோடு எல்லாம் மறந்துபோய்க் கால் தானாகக் கிளம்பியது.

"தொடக்கத்துல ஓடாத மக்கா. வீமன் வேற, நாம வேற. கால மிச்சம் பிடிச்சு வை, ராத்திரி தேவைப்படும்" என்றார் அத்தான். சிவபக்தனான புருஷாமிருகம் துரத்த, "கோவிந்தா, கோபாலா" என்று கத்திக்கொண்டே வீமன் ஓடிய வழி இது என்பது கதை.

திக்குறிச்சிக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தாமிரபரணி அந்த இடத்தில் அகலமாக, சத்தமே இல்லாமல் போகும். சிறு வயதிலிருந்து குழித்துறைப் பாலத்தில் பஸ்ஸில் எத்தனையோ தடவை இந்த ஆற்றைக் கடந்திருக்கிறேன். சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் போகும் நேரத்தில், நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து இதில் முங்கி எழுந்தது அன்றுதான். தண்ணீரில் ஆகாயத்தின் செம்மை, அதற்கு மேல் காவியின் செம்மை. எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஈர உடுப்போடு சந்நிதிக்குப் போனோம். நந்தி இல்லாத கோயில் அது. ஈசனுக்கும் நமக்கும் இடையே எதுவும் இல்லை. நேரே பார்த்தேன்.

அருமனை, களியல் என்று ராத்திரி வளர்ந்தது. அந்த வழியில் இருக்கும் சனங்களை நான் எப்படி மறப்பேன்? வாசலில் மேசை போட்டு சுக்குத் தண்ணி, பானகம், மோர், அவித்த கிழங்கு. சின்னப் பிள்ளைகள் ரோட்டுக்கே ஓடிவந்து தம்ளரைக் கையில் திணிக்கும். சிலுவை வைத்த வீடுகளின் முன்னாலும் குடத்தில் தண்ணீர் இருந்தது. "குடிச்சிட்டுப் போங்கோ" என்று அவர்களும் கூப்பிட்டார்கள். இதற்கு நடுவே சைலன்சரைக் கழற்றிவிட்டு, நாலைந்து பைக்காகச் சேர்ந்து ஆரன் அடித்துக்கொண்டு போகும் பையன்களும் உண்டு. வண்டியில் போய்த் தொழுவது குற்றமில்லை, வயசானவர்கள் அப்படித்தான் போக முடியும். ஆனால் நடக்கிறவன் காதோரம் உரசிப் போவது என்ன பக்தி? ஒரு வயதான கோவிந்தன் (ஓடுகிறவர்களை அப்படித்தான் சொல்வோம்) தடுமாறி ஓடைக்குள் விழப் பார்த்தார். அத்தான் பிடித்துக்கொண்டார்.

திற்பரப்பில் மாசி மாதத்துக்குத் தண்ணீர் குறைவுதான். இருந்தாலும் பாறை நெடுக வெள்ளையாக இறங்கும் கோதையாற்றை அந்த இருட்டில் பார்க்கும்போது, பகலில் சுற்றுலாவுக்கு வந்து பார்த்த அருவி இதுதானா என்று தோன்றியது. மேலே தட்சனின் வேள்வியை அழித்த உக்கிரமூர்த்தி, பக்கத்திலேயே இடைவிடாத நீரின் இரைச்சல். அந்தக் கோபத்தைக் குளிர வைக்கத்தான் இந்த ஆறு இங்கே வந்து விழுகிறதோ என்னவோ. தண்ணீரில் நின்றதும் முழங்காலுக்குக் கீழே இருந்த வலி விட்டுப்போனது. செல்போனை உயர்த்திப் படம் எடுக்கிறவர்கள் படியை அடைத்துக்கொண்டு நின்றதால் மேலே ஏறவே நெடுநேரம் ஆனது.

திருநந்திக்கரையைத் தொழுது வெளியே வரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. பழைய குகைக்கோயில் இருக்கும் அந்தப் பாறை இருட்டில் யானை படுத்திருப்பது போலத் தெரிந்தது. என் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து, ஒவ்வொரு கல்லும் உயிரில் குத்தியது. நொண்டுவதைப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டோக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "பொன்மனை வரைக்கும் கொண்டு விடுதேன், ஏறுங்க. இருட்டுல ஆருக்குத் தெரியும்?" என்றார். கொஞ்ச தூரம் விடாமல் கூடவே வந்தார். வேறு சிலரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கால் நோகிறவனின் பலவீனம் பார்த்துச் செய்யும் வியாபாரம் இது. நான் பதில் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற அக்காவை நினைத்துக்கொண்டேன். "கோவிந்தா" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். முன்னால் போன கூட்டம் "கோபாலா" என்று திருப்பிக் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் அந்த ஏற்றம் வந்தது.

ரப்பர் மரம் தை, மாசியில் இலை உதிர்க்கும். தோட்டக்காரர்களுக்கு அது பால்வெட்டு ஓய்கிற காலம், அவ்வளவுதான். நானும் அதற்குமேல் நினைத்ததில்லை. வரிசை வரிசையாக நின்ற அந்த மொட்டை மரங்களின் கிளைகளுக்கு ஊடே அன்றைக்கு ஆகாயம் முழுவதும் தெரிந்தது. தேய்ந்து தீரப்போகும் நிலவு; விடியும் மட்டும் வராது. அதனால் அத்தனை நட்சத்திரம். கீழே காய்ந்த சருகு, அதை மிதித்துப்போகும் கால்களின் சரசரப்பு. ஏற்றத்தின் உச்சியில் மூச்சு வாங்க நின்று திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வந்த ரோடு முழுக்க, வளைவுக்கு வளைவு, கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வெளிச்சம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் டார்ச்சும் செல்போனும்தான். நடுவில் ஒன்றிரண்டு பேர் பழைய வழக்கப்படி தென்னோலைச் சூட்டு கொளுத்தி வீசி வந்தார்கள், தீப்பொறி பறந்தது. பள்ளத்திலிருந்து "கோவிந்தா" என்று ஒரு குரல் கிளம்பும். அது ஆள்மாறி ஆள்மாறி மேலேறி வந்து எங்களைத் தொடும். நாங்கள் "கோபாலா" என்றதும் முன்னால் போய் அடுத்த பள்ளத்தில் இறங்கும். மேலே அவன் சடையிலிருந்து சிதறினாற்போல வெளிச்சம், கீழே அவன் பெயரைச் சொல்லாமல் அவன் மைத்துனன் பெயரைச் சொல்லிக்கொண்டே அவனைத் தேடிப்போகும் வெளிச்சம். எத்தனை நூற்றாண்டாக இந்த வழியில் இந்த மாசி இரவில் இது நடக்கிறது! நான் பிறந்த மாவட்டம் இது. இங்கேதான் பள்ளிக்கூடம் போனேன், இங்கேதான் பஸ் ஏறி வேலைக்குப் போனேன். இப்படி ஒன்றை வைத்துக்கொண்டா இத்தனை காலம் இந்த மண் என்னோடு சும்மா இருந்தது? அத்தான் தோளில் கை வைத்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. பல வருஷம் ஓடியவருக்கும் அப்படித்தான் இருக்கும் போல.

பொன்மனை தீம்பிலேஸ்வரர் சந்நிதியில் நெரிசல் முட்டித் தள்ளியது. பின்னால் இருந்தவர்களின் கை முதுகில், முன்னால் இருந்தவரின் ஈரத் தலை என் முகத்தில். எப்படியோ ஒரு நொடி வழி திறந்தது. நேராக நடை. உள்ளே எண்ணெய் விளக்கு, வில்வம் மூடிய திருமேனி. கையிலிருந்த விசிறியை எடுத்து அவருக்கு வீசினேன். எல்லோரும்தான் வீசுகிறார்கள், வழக்கம்தான். ஆனால் வீச வீச, அந்தப் பிள்ளைக்கு மூச்சு ஏறி இறங்கியதை வீடியோவில் பார்த்த நினைவு வந்துவிட்டது. எலும்புக்கூடு போன்ற சின்ன நெஞ்சு, படபடவென்று. அப்போது அதற்குக் காற்று கொடுத்தவர் யார்? அவருக்கா நான் வீசுகிறேன்? கை நிற்கவில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை. பிள்ளையின் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாயிலிருந்து வந்தது "அப்பா, அப்பா" மட்டும்தான். பூசை செய்யும் போற்றி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். திருநீற்றை இலையில் வைத்து என் கையில் போட்டார். அதற்குள் கூட்டம் என்னை வெளியே கொண்டு சேர்த்துவிட்டது.

பன்னிப்பாகம் போகும் வழியில் விடிந்தது. கிழக்கே மலை முதலில் கறுப்பாக, பிறகு நீலமாக, பிறகு ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து நின்றது. சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பியது. அதில் முங்கி எழுந்து வேடனாக வந்தவரைத் தொழுதோம்.

அதன்பிறகு வரிசையாகச் சொல்ல எனக்கு நினைவு ஒழுங்காக இல்லை. கல்குளத்தில் பத்மநாபபுரம் கோட்டைக்குள் நீலகண்டர், மேலாங்கோட்டில் காலகாலர், திருவிடைக்கோட்டில் சடையப்பர், திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு. தார் ரோடு கொதித்தது. ஒவ்வொரு கோயிலிலும் முங்கிய ஈரம் அடுத்த வளைவுக்குள் காய்ந்துவிடும். திருவிதாங்கோட்டுக்கு முன்னால் ஒரு வீட்டு ஆச்சி என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். "மக்களே, காலப் பாரு! இரி கொஞ்சம்" என்று திண்ணையில் உட்கார வைத்து, குடத்துத் தண்ணீரை இரண்டு பாதத்திலும் ஊற்றிக் கழுவினார்கள். நான் பதறிக் காலை இழுத்தேன். விடவில்லை. கழுவிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் அம்மாவைவிட மூத்தவர்கள். யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று அவர்கள் கேட்கவும் இல்லை. மோர் தந்தார்கள், மருமகளுக்காக ஓடுகிறேன் என்றதும் "உன் பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது, போ மக்களே" என்றார்கள். இதுவும் நான் கண்ட காட்சிதான். அருவிக்கும் மலைக்கும் இதை நான் கீழே வைக்க மாட்டேன். ஆச்சி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அந்தச் சுக்குத் தண்ணிப் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். வழியில் எனக்குக் கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்ட அந்த இரணியல் அண்ணனும், என் விசிறி விழுந்தபோது கூட்டத்துக்குள் குனிந்து எடுத்துத் தந்த சின்னப் பையனும் நன்றாக இருக்க வேண்டும்.

திருநட்டாலம் வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். ஊர்ப்பட்ட கூட்டம். அக்கா பிள்ளையோடு வந்து காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பேசவில்லை, பிள்ளையை என் கையில் கொடுத்தாள். மகாதேவரைத் தொழுது, சங்கரநாராயணர் முன்னால் போய் நின்றோம். வழியெல்லாம் அழைத்த பெயரும் தேடிப்போனவரும் ஒரே மேனியாக நிற்கும் இடம். பிள்ளை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ "கோவிந்தா" என்றார்கள், பதில் சொல்ல எனக்குத் தொண்டையில் சத்தம் மிச்சமில்லை. அத்தான் எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

நேர்ச்சை முடிந்தது என்று அக்கா உண்டியலில் காணிக்கை போட்டாள். நான் அங்கேயே வேறொன்று நேர்ந்துகொண்டேன். அடுத்த மாசிக்கும் வருவேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை, காட்டியதற்காக ஓட வேண்டும். லீவு கிடைக்குமா என்ற கவலையை அவரிடமே விட்டுவிட்டேன். கோவிந்தா! கோபாலா!