பன்னிரண்டு ஆரக்கால்

பிப்ரவரி 3

வண்டிச் சக்கரம் 600 மில்லிமீட்டர் விட்டம். அச்சடிக்கும் 3டி பிரிண்டரின் தட்டு 220. வெட்டாமல் வழியில்லை.

பிப்ரவரி 4

ஃப்ரீகேட் என்ற வரைகலை மென்பொருளில் நடுவே குடம், பன்னிரண்டு ஆரக்கால், வெளிவட்டமான வட்டை எல்லாவற்றையும் ஒரே கட்டியாக வரைந்துவிட்டேன். இன்று முழுக்க அதைப் பிளக்கும் வேலை. ‘ஸ்லைஸ் அபார்ட்’ கட்டளைக்கு முதலில் சக்கரத்தைத் தொட வேண்டும், அப்புறம் வெட்டும் தளத்தை. நான்கு முறை செய்தும் பிளக்கவில்லை. தளம் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளேயே நின்றிருக்கிறது. பொருளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் அது கத்தி. 700க்கு 700 ஆக்கியதும் இரண்டாகப் பிரிந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருப்பது அந்த நிமிடம் மறந்துபோயிருந்தது.

பிப்ரவரி 5

போனில் அப்பாவுக்குச் சக்கரத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இடது கையை விரித்தார். மடக்கினார். அப்புறம் ஒரே ஒரு விரல். “ஆறு மணி மாத்திரையாப்பா?” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 6

எட்டாக வெட்டிப் பார்த்தேன். வட்டைத் துண்டு 229.6 நீளம் வருகிறது. தட்டில் சாய்த்து வைத்தால் அடங்கிவிடும். ஆனால் ஒரு வெட்டு விட்டு ஒரு வெட்டு ஆரக்காலின் நடு நெஞ்சில் விழுகிறது. பன்னிரண்டை எட்டால் வகுக்கப் பார்த்தது என் தப்பு. பன்னிரண்டாகவே வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 155தான், எல்லா வெட்டும் ஆரக்கால்களுக்கு இடையில் விழும். நடுவே 300 விட்டத்தில் ஓர் உருளையை விட்டுப் பிரித்து, உள்பக்கத்தை நான்காக்கினால் மொத்தம் பதினாறு. ஆனால் அந்த உருளை ஆரக்கால் பன்னிரண்டையும் பாதியில் அறுக்கிறது. மனசு ஒப்பவில்லை.

இன்றும் ஐந்து விரல், ஒரு விரல்.

பிப்ரவரி 8

திரையில் வெட்டுக்குத் தடிமன் கிடையாது. இதுதான் இரண்டு நாளாக மண்டையில் ஓடுகிறது. அப்பா பென்சிலால் இரண்டு கோடு போடுவார், ரம்பம் தின்னப்போகிற மரத்துக்கு இடம் விட்டு. திரையில் ஒரே கோடு. இந்தத் துண்டின் முகமும் அந்தத் துண்டின் முகமும் ஒரே இடத்தில். அச்சடித்து வந்தால் துண்டுகளை இணைக்கும் 6 மில்லி முளை 6 மில்லி துளைக்குள் போகவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டினேன், துளையின் வாய் பிளந்துவிட்டது. துளையை 6.3 ஆக்கினேன். போயிற்று. ஒட்டும் முகங்களிலும் பக்கத்துக்கு 0.1 குறைத்தேன்.

பிப்ரவரி 9

தூக்கமில்லை.

பிப்ரவரி 11

அம்மாவுக்குத் துணி எடுக்கச் சோழவந்தான் வீட்டுக்குப் போனேன். கொல்லைச் சுவரில் அந்தப் பழைய வண்டிச் சக்கரம் சாய்ந்து கிடக்கிறது. செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வட்டையில் எத்தனை இணைப்பு? விரல் வைத்து எண்ணினேன். ஆறு. ஒவ்வொரு வட்டைக்கும் இரண்டு ஆரக்கால்.

ஒரு வாரமாக அப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் மாத்திரை என்றேன்.

இது என்றைக்குமே ஒரே கட்டியாக இருந்ததில்லை. குடம் தனி, ஆரக்கால் தனி, வட்டை தனி. கடைசியில் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார்கள். ஆறும்போது அது சுருங்கி, எல்லா இணைப்பையும் இறுக்கிப் பிடிக்கும். சின்ன வயதில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்குக் காதைப் பொத்தியிருக்கிறேன். நான்தான் எல்லாவற்றையும் ஒட்டி வரைந்துவிட்டு, எங்கே வெட்டுவது என்று அலைந்திருக்கிறேன்.

இரவே முதலிலிருந்து. குடம் 140, வெட்டாமலே அடங்கும். ஆரக்கால் 170, இரு முனையிலும் சொருக 20 சேர்த்து 210, அதுவும் அடங்கும். படுக்கவைத்து அடித்தால் அடுக்குகள் நீளவாக்கில் ஓடும், மரத்தின் ரேகை மாதிரி. நிறுத்தி அடித்தால் படக்கென்று ஒடியும். வட்டை ஆறு என்றால் ஒவ்வொன்றும் 300. அடங்காது. ஒவ்வொன்றையும் பாதியாக்கிப் பன்னிரண்டு. மொத்தம் இருபத்தைந்து.

பிப்ரவரி 12

“ஆறு வட்டை, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஆரக்கால். சரியாப்பா?” என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலம் இருந்தது. அம்மாவும் பார்த்தார்.

பட்டை இல்லாமல் வட்டையை எதால் இறுக்குவது?

பிப்ரவரி 13

குடமும் நான்கு ஆரக்காலும் முடிந்தன. பையில் போட்டுக்கொண்டு கோரிப்பாளையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பா ஒரு ஆரக்காலை எடுத்து, சொருகும் முனையைக் கட்டைவிரலால் தடவினார், திரும்பத் திரும்ப. அப்புறம் மூன்று விரல் காட்டினார்.

மூன்றா?

பிப்ரவரி 14

ஏழாவது ஆரக்கால் ஓடுகிறது. முனை மூன்று பக்கமா, மூன்று டிகிரியா, மூன்று மில்லியா. காலை முதல் பஸ்ஸில் சோழவந்தான் போய், ஒரு ஆரக்காலைக் கழற்றிப் பார்த்துவிடப் போகிறேன்.