சலக்கடுப்போடு வருபவர்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் தாதியாகப் பணியாற்றும் எனக்கு, சலம் (சிறுநீர்) கழிக்கும்போது எரியும் சலக்கடுப்பைவிட அதைச் சொல்லத் தயங்கும் தயக்கமே பெரிய நோயாகத் தோன்றுகிறது. வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுவதும் வெயிலில் நின்று, ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள், எரிவு தொடங்கிப் பல நாட்கள் சென்ற பின்னரே வருகிறார்கள். "சூடுதான் பிள்ளை, இளநீர் குடிச்சால் போயிடும் எண்டு இருந்தனான்" என்பார்கள். தண்ணீர் போதாமல் சலம் மஞ்சளாகத் தடித்துப் போகும்போது சிறிது எரிவது உண்மைதான். ஆனால் அடிக்கடி முட்டுவதும், போனால் சொட்டுச் சொட்டாக வருவதும், அடிவயிறு நோவதும், சலம் கலங்கி மணப்பதும் சலப்பையில் கிருமித்தொற்று ஏற்பட்டிருப்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. பெண்களின் சலவழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே கொண்டது என்பதால், குடலில் வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் எளிதில் மேலேறிவிடுகின்றன.

எல்லா எரிவும் அதுவல்ல. பெண்ணுறுப்பில் கடியும் வெள்ளைபடுதலும் இருந்தால் தொற்று அங்கே இருக்கலாம். வாசனைச் சவர்க்காரமும் எரிவைத் தரும். விலாவிலிருந்து கவட்டை நோக்கி இறங்கும் கடும் நோவு கல்லாக இருக்கலாம். வயதான ஆண்களில் புரஸ்டேற் சுரப்பி வீங்கிச் சலம் முழுமையாக வெளியேறாமல் தேங்குவதுண்டு. இளைஞர்கள் வரிசையில் நின்று "வயிற்றுவலி" என்று மட்டும் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டால்தான் சீழ் வடிவதைச் சொல்வார்கள். அது பாலியல் தொற்றாக இருக்கலாம்; துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படும். அந்தத் திரையை எந்த மருந்துக்கும் குறையாத தேவையாகவே கருதுகிறேன்.

பக்கத்து வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோற்றிக் குளிசைகளில் இரண்டை விழுங்கிவிட்டு வருவது எனக்கு மிகவும் கவலை தருகிறது. கிருமி முழுமையாக அழியாமலே பரிசோதனையில் தெரியாமல் போகலாம். குளிசை தொடங்குமுன், கழுவிய பின், முதலில் வரும் சலத்தை விட்டு நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடித்துத் தருவதே முறை.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா நோவு, சத்தி ஆகியன எரிவோடு சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம் என்பதால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் இலேசான எரிவு என்றாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்ப காலத்தில் இத்தொற்று குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். சலம் முற்றாக அடைபட்டாலோ, நோயாளி மயங்கித் தடுமாறினாலோ 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்சை அழைக்கலாம். குளிசை தொடங்கி இரண்டு நாட்களாகியும் எரிவு தணியாதவர்கள், வேறு மருந்தைத் தாமாக வாங்காமல், கிளினிக் கொப்பியோடு திரும்பி வர வேண்டும்.