காய்ந்த காட்டின் ஓரத்தில் ஒரு வீடு

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காட்டுத்தீ அபாயக் காலம் வழமையாக ஒக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நீடிக்கும். வரட்சி கடுமையாக இருந்த 2019இல் அது பல பகுதிகளில் ஆகஸ்டிலேயே, அதாவது குளிர்காலம் முடியுமுன்னரே, தொடங்கிவிட்டது. அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர் சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் பகுதியில் குடியேறிய எங்களுக்கு அயலவர்கள் முதலில் சொல்லித்தந்தது இதைத்தான்.

தீ இந்த நிலத்துக்குப் புதிதன்று. முதற்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறு தீ மூட்டியே காட்டைப் பேணி வந்திருக்கிறார்கள். காலநிலை மாற்றம் தீயை மூட்டுவதில்லை. எரிவதற்குக் காட்டைப் பக்குவப்படுத்தி வைக்கிறது. காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் கூடினால், அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. மழை பொய்க்கும்போது அந்தக் கூடுதல் தாகத்தைக் காற்று இலையிலும் மண்ணிலும் இருந்தே தீர்த்துக்கொள்கிறது.

கிராமியத் தீயணைப்புச் சேவையில் நெடுங்காலம் தொண்டராக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர், யூகலிப்டஸ் மரத்தடியில் கிடந்த சுள்ளி ஒன்றை என்னிடம் தந்து வளைக்கச் சொன்னார். வளைந்து கொடுத்தால் அதில் ஈரம் மிச்சமிருக்கிறது. சடக்கென்று முறிந்தால் ஒரு பொறி போதும். முன்பெல்லாம் தீயைத் தடுத்து நிறுத்திய ஈரப் பள்ளத்தாக்குகளில்கூட 2019இல் சுள்ளிகள் அப்படித்தான் முறிந்தன என்றார்.

அவுஸ்திரேலியாவில் அளவீடுகள் தொடங்கிய காலத்திலிருந்து அதுவரை கண்டிராத வெப்பமும் வரட்சியும் அந்த ஆண்டில் ஒருசேர வந்தன. கொஸ்பர்ஸ் மலையருகே ஒரு மின்னலால் பற்றிய தீ 5 இலட்சம் எக்டேருக்கு மேல் எரித்தது. 2020 ஜனவரி 4 அன்று மலையடிவாரத்துப் பென்ரித்தில் வெப்பம் 48.9 பாகையைத் தொட்டது. தீ வைத்தவர் யார் என்ற வாதம் அப்போது பெரிதாக நடந்ததாம். மின்னலே மூட்டிய இந்தத் தீக்கு அந்தக் கேள்வியால் என்ன விடை கிடைக்கும்? அத்தகைய தீ வானிலை உருவாகும் வாய்ப்பை மனிதரால் நேர்ந்த வெப்பமாதல் குறைந்தது 30 சதவீதம் கூட்டியிருப்பதாக அறிவியலாளர்கள் பின்னர் கணித்தார்கள். அது பொறியைப் பற்றிய கணக்கன்று, சுள்ளியைப் பற்றிய கணக்கு.

காட்டில் முன்கூட்டியே எரிபொருளைக் குறைக்க மூட்டும் கட்டுப்பாட்டுத் தீக்கும், அளவான ஈரமும் காற்று அடங்கிய வானிலையும் வேண்டும். தீக்காலம் நீள நீள, அதற்கு ஏற்ற நாட்கள் சுருங்குகின்றன. தடுக்கும் வழியையும் வெப்பம் பறித்துவிடுகிறது என்பதே எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

வீடுகளைப் பெரும்பாலும் எரிப்பது சுவர்போல வரும் சுவாலையன்று, அதற்கு முன்னே காற்றில் பறந்து வரும் தணல். எரியும் மரப்பட்டை நாடாக்கள் கிலோமீற்றர்கள் தாண்டியும் விழும். கூரைப் பீலியில் சருகு கிடந்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். ஓட்டின் இடுக்கால் நுழைந்தால் கூரைக்குள் பற்றியது வெளியே தெரியவே நேரமாகும். ஆகவே பீலியைத் துப்புரவாக்குவதும், துவாரங்களுக்குக் கம்பிவலை அடிப்பதும் இப்போது எங்கள் குளிர்கால வேலைகள்.

அபாய அறிவிப்பில் மிதம், அதிகம், அதிதீவிரம், பேரழிவு என நான்கு படிகள் உண்டு. பேரழிவுப் படியில் நன்கு ஆயத்தப்படுத்திய வீட்டையும் நம்பி நிற்கவேண்டாம் என்று சேவையினர் அறிவுறுத்துகிறார்கள். அப்படியொரு நாளில் புகை தெரியும்வரை காத்திராமல், முதல்நாள் இரவே பிள்ளைகளோடும் கடவுச்சீட்டுகளோடும் சிட்னிக்கு இறங்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பக்கம் இறங்க இருப்பவை இரண்டே பெருஞ்சாலைகள். இரண்டுமே காட்டை ஊடறுத்துத்தான் செல்கின்றன.