இடது பின்கதவு

நவம்பர் 3, திங்கள்

கழுவித் துடைத்து, பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, ரிப்பன் கட்டி நிறுத்திய புது வண்டியில், மறுபடி பெயிண்ட் அடித்திருந்தாலும் எதுவும் தெரியாது. ஷோரூம் விளக்கு உச்சியிலிருந்து விழுகிறது. கூரையும் பானட்டும் ஜொலிக்கும், கதவுகள் மங்கலாகக் கிடக்கும். இரவு பார்க்கிங்கில், பக்கச்சுவர் டியூப் லைட்டுக்கு எதிரே நிறுத்திய பிறகுதான் கண்ணில் பட்டது. இடது முன்கதவில் டியூபின் பிம்பம் கம்பி மாதிரி நேராக ஓடுகிறது. பின்கதவுக்கு வந்ததும், கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் தூரம் மட்டும் நெளிகிறது.

ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல் மாதிரி பெயிண்டில் தெரியும் மேடுபள்ளம், எல்லா வண்டியிலும் இருக்கும். கம்பெனி பெயிண்டில், நிமிர்ந்து நிற்கும் கதவில் கொஞ்சம் கூடுதலாகவும், படுத்திருக்கும் பானட்டில் குறைவாகவும் இருக்கும். அது குறை இல்லை. ஒட்டி நிற்கும் இரண்டு கதவுகளில் வெவ்வேறு மாதிரி இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இங்கே, நெளியும் அந்த ஒரு சாணை விட்டால், பின்கதவு முன்கதவைவிட வழவழப்பாக இருக்கிறது. மோசமாக இருந்தால்தான் ரிப்பேர் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பெயிண்டர் கைபட்டால் கம்பெனியைவிட வழவழப்பாகவே வரும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. நனைந்த வண்டியில் எல்லாப் பெயிண்டும் நல்ல பெயிண்ட்தான்.

நவம்பர் 5, புதன்

பெயிண்டின் கனத்தை அளக்கும் கேஜ் கைக்கு வந்துவிட்டது. முதலில் கேஜையே சோதிக்க வேண்டும். கூடவே தரும் வெறும் இரும்புத் தகட்டில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா, தகட்டின் மேல் அளவு அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை வைத்தால் அந்த அளவைக் காட்டுகிறதா என்று இரண்டும் பார்த்த பிறகே வண்டியைத் தொட வேண்டும். முனையைச் செங்குத்தாக வைக்க வேண்டும். சாய்த்தால் எண் கூடும். தூசி இருந்தாலும் கூடும். ஒரு பேனலுக்கு ஐந்து இடம், ஓரத்திலிருந்தும் மடிப்பிலிருந்தும் இரண்டு விரல் தள்ளி. எல்லாம் மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பானட்: 104, 108, 101, 106, 103.
கூரை: 98 முதல் 105 வரை.
வலது முன்கதவு: 112, 107, 114, 110, அடி ஓரம் 109.
வலது பின்கதவு: 106, 110, 111, 108, 112.
இடது முன்கதவு: 108, 113, 110, 109, 115.
இடது பின்கதவு: 187, 194, 178, 232, 181.
இடது குவார்ட்டர் பேனல் (பின்கதவுக்குப் பின்னால் உள்ளது): கீழே 119, 121, பின் கண்ணாடியை ஒட்டிய தூணில் 154.

பம்பர் பிளாஸ்டிக். கேஜ் அங்கே எண்ணே தராது. இரும்பானால் காந்தத்தை வைத்தும், அலுமினியமானால் சுழல் மின்னோட்டத்தை வைத்தும் அளக்கும் கருவி அது. அடியில் உலோகம் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

நவம்பர் 6, வியாழன்

187 என்பது என்ன?

கம்பெனியில் போடுவதை அடியிலிருந்து எண்ணினால்: ஈ-கோட் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) சுமார் 20 மைக்ரான், பிரைமர் 30-35, கலர் 12-18, கிளியர் கோட் (மேலே வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) 35-45. கூட்டினால் 100-ஐ ஒட்டி வரும். இந்த வண்டியின் மற்ற பேனல்கள் அதைத்தான் சொல்கின்றன. 80 முதல் 140 வரை எதுவும் கம்பெனி அளவாக இருக்கலாம், மாடலுக்கு மாடல் மாறும். அதனால் 'இத்தனைக்கு மேல் போனால் ரிப்பேர்' என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அந்த வண்டிக்கு அந்த வண்டியேதான் அளவுகோல், இடதுக்கு வலது.

ரீபெயிண்ட் செய்பவர் பழைய கிளியரை வாட்டர் பேப்பரால் தேய்ப்பார். ஒரு பத்து, பதினைந்து மைக்ரான் போகும். அதன் மேல் புதுக் கலர் 20-30, கிளியர் இரண்டு கோட் 50-60. கழித்துக் கூட்டினால் பழையதைவிட 55-80 கூடும். 110-உடன் 75 சேர்த்தால் 185. கணக்கு அப்படியே உட்காருகிறது. பட்டி பார்த்திருந்தால் இந்த எண்ணுக்குள் நிற்காது. 400, 700, ஆயிரத்துக்கு மேல்கூடப் போகும். எனவே கதவு முழுக்க ஒரு முறை அடித்திருக்கிறார்கள், பட்டி இல்லை.

ஆனால் 232?

நவம்பர் 7, வெள்ளி

கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண். 232. விரல் அகலம் தள்ளி வைத்தால் 214. இன்னும் தள்ளினால் 190.

நவம்பர் 8, சனி

வெயில். காலை ஏழரைக்கு, சாய்வெயிலில் பார்த்தேன். உச்சி வெயில் எதையும் காட்டாது.

கதவைத் திறந்து, உள்பக்க மடிப்பு ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வெளியிலிருந்து உள்ளே ஓட்டினால் ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு படி. தலைமுடி அளவுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். பெயிண்ட் படாமல் மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப் முடிந்த இடம் அது. கொஞ்சம் விவரமானவர்கள் இடுக்கில் ஃபோம் டேப் திணித்து அடிப்பார்கள். அப்போது படி வராது, அதற்குப் பதில் சொரசொரவென்று காய்ந்த தூள் படிந்திருக்கும். இங்கே மேல் பாதியில் படி, கீழ் பாதியில் சொரசொரப்பு. டேப் தீர்ந்துபோயிற்றோ என்னவோ.

கண்ணாடியின் வெளி பீடிங்கைப் பிளாஸ்டிக் குச்சியால் மெல்ல நெம்பிப் பார்த்தால், கறுப்பு ரப்பரின் அடியில் ஊசிமுனை மாதிரி, வண்டியின் சில்வர் கலரிலேயே வெள்ளிப் புள்ளிகள். மேல் ரப்பரை தின்னரில் துடைத்திருக்கிறார்கள்; அது மட்டும் சாம்பல் பூத்து, மற்ற மூன்று கதவுகளின் ரப்பரைவிட வெளிறிக் கிடக்கிறது.

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது. கீறல் விழுந்தால் அதுவே 'நீங்கதான் பண்ணீங்க' ஆகிவிடும்.

நவம்பர் 9, ஞாயிறு

குழந்தைகள் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்தால் தெரிந்துவிடும் என்று சொல்லாத ஆள் இல்லை. தெரியாது. கனமாகப் பட்டி பார்த்த இடத்தில் காந்தம் நழுவும். 187-க்கும் 110-க்கும் அதற்கு வித்தியாசமே கிடையாது. இந்தக் கதவில் காந்தம் நன்றாகவே ஒட்டுகிறது.

நவம்பர் 10, திங்கள்

ஷோரூமில் சொன்னது: "பாலிஷ் மட்டும்தான் சார் போட்டிருக்காங்க. யார்டுல தூசி படிஞ்சிருக்கும்ல."

பாலிஷ் பெயிண்டைத் தின்னும். மெஷின் வைத்து ஒருமுறை போட்டால் ஓரிரண்டு மைக்ரான், அழுத்திப் போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். ஏறவே ஏறாது. செராமிக் கோட்டிங் போட்டிருந்தாலும் ஒன்றிரண்டு மைக்ரான்தான் ஏறும். எழுபத்தைந்து எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டதற்கு மேனேஜர் லீவு.

நவம்பர் 12, புதன்

கதவையே மாற்றினார்களா என்ற சந்தேகத்தை இன்று தீர்த்தாயிற்று. இந்த வண்டியில் கதவுகளைப் பாடியில் மாட்டிய பிறகே பெயிண்டில் இறக்கியிருக்கிறார்கள். கீல், போல்ட் எல்லாவற்றின் மேலும் ஒரே தோலாகக் கலர் ஓடுகிறது. ஸ்பேனர் பட்டிருந்தால் போல்ட்டின் ஆறு மூலைகளிலும் பெயிண்ட் உரிந்து இரும்பு மின்னும், வாஷரைச் சுற்றிப் பழைய இடத்தின் நிழல் தெரியும். நான்கு கதவிலும் அப்படி இல்லை. கதவின் அடி மடிப்பில் இருக்கும் சீலர் கோடும் மற்ற கதவுகளைப் போலவே ஒரே சீராக ஓடுகிறது. கையால் பிரஷ் போட்டு இழுத்திருந்தால் இடையிடையே தடித்திருக்கும்.

கண்ணாடியில் இருக்கும் ஆண்டுக் குறி நான்கிலும் ஒன்றுதான். பின் பம்பரின் உள்பக்கம், அச்சில் வந்த சின்னக் கடிகார வட்டம்: நடு அம்பு மாதத்தைக் காட்டும், நடுவில் ஆண்டு. அதுவும் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் உள்ள உற்பத்தி மாதத்துக்கு முந்தைய மாதம். சரி. வண்டியின் மாதத்தைவிடப் பம்பர் இளையது என்றால் அதை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளாஸ்டிக்கில் கேஜ் கைவிடும்போது உதவுவது இந்த வட்டம்தான்.

ஆக, கதவு அதே கதவு. கைப்பிடியைக்கூடக் கழற்றவில்லை, அதன் பள்ளத்தின் ஓரத்தில் கிளியர் குவிந்து நூல் மாதிரி நிற்கிறது. அவசர வேலை.

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் ஆறே கால், பெட்ரோல் பங்க் விளக்கு. நேரே நின்று பார்த்தால் இரண்டு கதவும் ஒரே கலர். பின்பக்கம் போய் வண்டியின் நீளவாட்டில் சாய்ந்து பார்த்தால் பின்கதவு அரை நிழல் கறுக்கிறது. சில்வரில் அலுமினியத் துகள் எந்தப் பக்கம் படுக்கிறதோ அதுதான் நிறம். ஸ்ப்ரே கன் அழுத்தம், தூரம், தின்னர் அளவு, எது மாறினாலும் துகள் படுக்கும் விதம் மாறும். கலர் கோடு சரியாக இருந்தாலும் மாறும். சில்வரைப் பொருத்துவது பெயிண்டர்களுக்குத் தலைவலி. சாதா வெள்ளையாக இருந்திருந்தால் இந்த வித்தை பலித்திருக்கும்.

தூணில் 154 வந்ததற்கும் காரணம் அதுதான். கதவில் சட்டென்று கலர் முடிந்தால் தெரியும் என்று பக்கத்துப் பேனலில் கொஞ்சம் கலரை மங்கவிட்டு, கிளியரைத் தூண் வரை ஏற்றிக் கரைத்திருக்கிறார்கள். டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தால் அங்கே ஒரு மங்கலான பட்டை. கூரைக்கும் குவார்ட்டருக்கும் நடுவில் மூட்டு இல்லாத வண்டிகளில் கிளியரைக் கரைக்கத் தூணை விட்டால் இடமில்லை. ஒரு கதவுக்காக இரண்டு பேனல்.

நவம்பர் 15, சனி

மழை.

நவம்பர் 17, திங்கள்

இதே மாதிரி ஒரு பழைய வழக்கு. அமெரிக்காவின் அலபாமா, 1990. டாக்டர் ஐரா கோர் 40,750 டாலருக்குக் கறுப்பு பிஎம்டபிள்யூ ஒன்றைப் புது வண்டியாக வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து, மெருகேற்றக் கொடுத்த கடைக்காரர்தான் ரீபெயிண்டைக் கண்டுபிடித்தார். கப்பலில் வரும்போது அமில மழை பட்டிருக்கலாம் என்றும், அமெரிக்காவில் இறங்கியதும் கூரை, பானட், டிக்கி, குவார்ட்டர்கள் அடிக்கப்பட்டன என்றும் தெரிந்தது. ரிப்பேர் செலவு 601 டாலர். விற்பனை விலையில் 3 சதவீதத்துக்குள் செலவு அடங்கினால் டீலருக்குக்கூடச் சொல்வதில்லை என்பது கம்பெனியின் கொள்கை. ஜூரி 4,000 டாலர் நஷ்டஈடும் 40 லட்சம் டாலர் தண்டத்தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டத்தைப் பாதியாக்கியது. அதுவும் மிக அதிகம் என்று 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. கடைசியில் 50,000.

எனக்கு மனதில் நிற்பது அந்த 4,000. ரீபெயிண்டால் வண்டியின் மதிப்பு விலையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று ஜூரி எடுத்துக்கொண்டது. ரிப்பேர் செலவு அதில் பொருட்டே இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நியாயத்துக்கு இதையும் எழுதி வைக்க வேண்டும். எண் கூடினாலே ஏமாற்று இல்லை. கம்பெனிக்குள்ளேயே, லைன் முடிவில் தூசி விழுந்த பேனலைத் தேய்த்து மறுபடி அடிப்பதுண்டு. ரன்னிங் போர்டிலும் வீல் ஆர்ச் அடியிலும் கல்லடிக்குத் தடுப்புப் பூச்சு இருந்தால் 200-க்கு மேல் போவது சாதாரணம். கதவைத் திறந்தால் தெரியும் உள்தூணில் 70, 80 என்று குறையும், அதுவும் சாதாரணம்; அங்கே கிளியர் மெல்லிசாகத்தான் விழும். ஆனால் கம்பெனி அடித்தால் பீடிங் மாட்டுவதற்கு முன் அடிக்கும். ரப்பருக்கு அடியில் வெள்ளிப் புள்ளி வராது.

நவம்பர் 20, வியாழன்

'அடிச்சா என்ன சார், அதே கம்பெனி பெயிண்ட்தானே.' பெயிண்ட் அதுவாக இருக்கலாம், வேக்காடு அது இல்லை. ஃபாக்டரியில் வெறும் பாடி 140 டிகிரியில் வேகும், ஈ-கோட் அதற்கும் மேலே. முழு வண்டியை அப்படிச் சுட்டால் சீட்டும் ஒயரும் உருகிவிடும். அதனால் பெயிண்ட் அடிக்கும் அறையான பூத்தில் 60 டிகிரி, அரை மணி. மீதியை, பெயிண்டில் கலந்து இறுகவைக்கும் ஹார்டனர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹார்டனர் அளவு தப்பினாலோ, கோட்டுக்கு நடுவில் பத்து நிமிடம் விடாமல் அவசரப்பட்டாலோ, உள்ளே தின்னர் மாட்டிக்கொள்ளும். இரண்டு மாத வெயிலில் அது வெளியேறும்போது பெயிண்ட் உள்வாங்கும். அடியில் தேய்த்த பேப்பர் கோடுகள் மேலே எழும்பி வரும். பழைய கிளியரைச் சரியாகத் தேய்க்காமல் அடித்திருந்தால் டேப் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். கையெழுத்து வாங்கும் நாளில் இதெல்லாம் தெரியாது.

நவம்பர் 21, வெள்ளி

துணியில் தின்னர் நனைத்துத் துடைத்துப் பார் என்கிறார்கள். வேண்டாம். ஹார்டனர் சேர்த்த பெயிண்ட் கலரே விடாது, சோதனை பொய் சொல்லும். சேர்க்காததாக இருந்தால் கதவு போச்சு.

நவம்பர் 24, திங்கள்

மேனேஜர் வந்துவிட்டார். 'பாலிஷ்' இன்று 'சின்ன டச்-அப்' ஆகியிருக்கிறது. 232 வந்த இடத்தில் ஒரு கீறல் இருந்ததாம், அதில் பிரைமர் கொஞ்சம் கனமாக வைத்தார்களாம். அது மட்டும் கணக்கோடு ஒத்துப்போகிறது. மூன்று வருட இலவச சர்வீஸ் தருகிறார்களாம்.

கேட்டிருப்பது மூன்று தாள்: டிரெய்லரிலிருந்து இறக்கியபோது கையெழுத்திட்ட பதிவு, டெலிவரிக்கு முன் வண்டியைச் சோதித்த பி.டி.ஐ. தாள், பூத்தின் வேலைச் சீட்டான ஜாப் கார்டு. வாயால் கேட்டதை மின்னஞ்சலிலும் அனுப்பியாயிற்று. ஒவ்வொரு எண்ணுக்கும் கேஜ் திரை தெரியும்படி படம், அதே சட்டகத்தில் பேனல், தேதி. நம்பர் பிளேட்டிலிருந்து தொடங்கி வெட்டாமல் எடுத்த ஒரு வீடியோ. இதில்லாமல் எண்ணைச் சொன்னால் எந்த வண்டியில் அளந்தீர்கள் என்பார்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், அதுவும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவதில் நஷ்டமில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

தாள் வரவில்லை.

நவம்பர் 26, புதன்

தாள் வரவில்லை. டிரெய்லரிலிருந்து இறக்கும்போது இடிபடுவது பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவு, வலது. இடது பின்கதவில் கீறல் என்றால் யார்டில் நெருக்கி நிறுத்தியதாகத்தான் இருக்கும். இது ஊகம். மின்னஞ்சலில் இதை எழுதவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மறுபடி எல்லாப் பேனலும். இடது பின்கதவு 185, 193, 180, 230, 182. இரண்டு மூன்று மைக்ரான் ஏறி இறங்குவது கேஜின் இயல்பு, மாற்றம் என்று சொல்ல முடியாது.

வலது முன்கதவு அடி ஓரம் 141. அன்று 109 என்று எழுதியிருக்கிறது. தகட்டில் வைத்தால் பூஜ்யம் சரியாகத்தான் வருகிறது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், 139. ஒரு விரல் மேலே 112. அன்று முனையை எங்கே வைத்தேன்?

இருட்டிவிட்டது. காலையில் ஏழரைக்கு, வெயில் வந்தால்.