கைப்படத்தில் தெரிவதும் கையால் முடிவதும்

முடக்குவாத நோயாளிக்கு எழுதப்படும் எக்ஸ்ரே சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: இரண்டு கைகள், ஆர்ஏ (முடக்குவாதத்தின் ஆங்கிலச் சுருக்கம்). எந்த மூட்டு அதிகம் வலிக்கிறது, எந்த வேலை தடைப்படுகிறது என்று எதுவும் இருக்காது. படம் எடுப்பவரும் அந்த ஒரு வரிக்குத் தக்கபடி எடுத்து அனுப்பிவிடுவார். எலும்பு அரிப்பு உண்டு, மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது என்று அறிக்கை வரும். நோயாளியான அந்த அம்மாவால் குக்கர் மூடியைத் திறக்க முடியவில்லை என்பதற்கும் அந்த அறிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்வதில்லை. படம் எடுக்கும் அறையில் இருப்பவர்கள் மனது வைத்தால் இந்த இடைவெளியில் பாதியை அடைத்துவிடலாம் என்பது இந்த வேலையில் இருக்கும் எங்கள் உறுதியான எண்ணம்.

ஏனென்றால் அந்த அறைக்குள் நடப்பதே ஒரு செயல்திறன் பரிசோதனை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுகிறாரா, பழைய பிலிம்கள் வைத்திருக்கும் பையின் முடிச்சைத் தானே அவிழ்க்கிறாரா, வளையலைத் தானே கழற்றுகிறாரா, உள்ளங்கை எக்ஸ்ரே பிளேட்டில் தட்டையாகப் படிகிறதா என்று இரண்டு நிமிடத்தில் எல்லாம் கண்ணில் படும். கடைசியாகச் சொன்னதை மட்டுமாவது எழுதிவைப்பது கட்டாயம். விரல்கள் மடங்கியே இருக்கும் கையை உள்ளங்கை கீழாக வைத்து எடுத்தால், கதிர் மூட்டின் இடைவெளி வழியே நேராகப் போகாது. எலும்பு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இடைவெளி குறைந்துபோனதாகத் தோன்றும். படத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர் அதைக் குருத்தெலும்புத் தேய்வு என்றே எண்ணுவார். ‘நடுவிரலும் மோதிர விரலும் நிமிரவில்லை, வலியால் அழுத்தவில்லை’ என்று ஒரு வரி இருந்தால் அந்தத் தவறு நடக்காது. அப்படிப்பட்ட கையை மல்லாக்காக வைத்து, பார்க்க வேண்டிய எலும்புப் பகுதி பிளேட்டுக்கு இணையாக வரும்படி சாய்த்து இன்னொரு படம் எடுப்பது நல்லது. கையை அழுத்தித் தட்டையாக்கக் கூடாது. வலி ஒருபுறம் இருக்க, தளர்ந்த மூட்டு தற்காலிகமாக நேராகி, இருக்கும் விலகல் படத்தில் மறைந்துவிடும்.

இரண்டு கைகளையும் சேர்த்து ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தால் நேரம் மிச்சம். ஆனால் கதிர் நடுவில்தான் நேராக விழுகிறது, ஓரத்தில் சாய்ந்து விழுகிறது. தொடக்க நிலை அரிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவு விஷயம், இந்தச் சாய்வே அதை மறைத்துவிடும். ஒவ்வொரு கையாக, நடுவிரலின் அடிமூட்டை மையமாக வைத்து, 100 செ.மீ. தூரத்தில், கதிர்க்குழாயின் மின்னழுத்தத்தை 50 முதல் 55 கேவிக்குள் வைத்து எடுக்கும் படத்தில் எலும்பின் உள்வலை கூர்மையாகத் தெரியும். அதோடு 1965இல் கதிரியக்க மருத்துவர் நோர்கார்டு விவரித்த சாய்வுப் படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பந்து பிடிக்கப் போவதுபோல் இரு கைகளின் புறங்கையையும் 45 டிகிரி சாய்த்து வைப்பது அது. விரலடியில் எலும்பின் புறங்கைப் பக்கத்து ஓரத்தில் உள்ள சிறு அரிப்புகள் நேர்ப்படத்தில் ஒளிந்துகொள்ளும், இதில் பிடிபடும்.

அரிப்பு எங்கே தொடங்கும் என்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. குருத்தெலும்பு மூடாமல், வீங்கிய மூட்டுச் சவ்வு எலும்பை நேரடியாகத் தொடும் ஓரங்கள்தான் முதலில் அரிக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் அடிமூட்டில் கட்டைவிரல் பார்த்த பக்கம், மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முனை, காலில் சுண்டுவிரலடி மூட்டின் வெளிப்பக்கம். வளையலைக் கழற்றாமல் எடுத்தால் இவற்றில் மணிக்கட்டு போய்விடும். விரலடி வீங்கி வளையல் இறங்கவில்லையென்றால் முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு எடுக்க வேண்டியதுதான். மணிக்கட்டில் கட்டிய கயிறு அவ்வளவாகக் கெடுக்காது, அதில் கோத்த தாயத்து கெடுக்கும்.

இனி, படத்தை எண்ணாக மாற்றும் இடத்துக்கு வருவோம். ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுவது, ஷார்ப் என்ற மருத்துவர் வகுத்து வான் டெர் ஹெய்டே என்ற மருத்துவர் திருத்திய மதிப்பீடு. ஒவ்வொரு கையிலும் 16 இடங்களில் அரிப்பு, 15 இடங்களில் இடைவெளிக் குறைவு. ஒவ்வொரு காலிலும் இரண்டுக்கும் 6 இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் போடும் மதிப்பெண்களை எல்லாம் கூட்டினால் உச்சம் 448. மருந்து வேலை செய்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் ஒப்பிட இது அருமையான அளவுகோல். ஆனால் கையின் உபயோகத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. கட்டைவிரலின் அடிமூட்டுக்கும் சுண்டுவிரலின் அடிமூட்டுக்கும் இதில் ஒரே எடை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதிலும், ரவிக்கைக் கொக்கி மாட்டுவதிலும், சாவி திருப்புவதிலும் கட்டைவிரல் செய்வதைச் சுண்டுவிரல் செய்வதில்லை. கட்டைவிரல் ஒன்று கெட்டாலே கூட்டுத்தொகை சிறிதாகவும் கஷ்டம் பெரிதாகவும் இருக்கும். மறுபக்கம், நாலு விரலும் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துபோன கை பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், அதே கையால் அவர் பூக்கட்டிக்கொண்டிருப்பார். சாய்வு மெதுவாக வந்ததால் கை வேறு வழி பழகிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அரிப்பைவிட இடைவெளிக் குறைவுதான், அதாவது குருத்தெலும்பு இழப்புதான், திரும்பாத செயலிழப்போடு நெருக்கமாகச் சேர்ந்து வருகிறது. அரிப்பு கண்ணைக் கவரும், அதனால் அறிக்கையின் முதல் வரியில் அது இடம்பிடித்துக்கொள்ளும். இடைவெளியையும் மூட்டு விலகலையும் மூட்டுவாரியாகப் பெயர் சொல்லி எழுதுவது அதைவிட முக்கியம்.

காலைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வலியும் வீக்கமும் உள்ள மூட்டுகளை எண்ணி நோயின் வேகத்தை அளக்கும் 28 மூட்டுக் கணக்கில் பாதமும் கணுக்காலும் கிடையாது. 28 மூட்டிலும் நோய் அடங்கியிருக்கிறது என்று குறிப்பு எழுதிய அன்றைக்கே, பாத விரலடிகள் கூழாங்கல்லில் மிதிப்பதுபோல் வலிப்பதால் பஸ் நிறுத்தம்வரை நடக்க முடியாமல் ஒருவர் வந்து நிற்கலாம். கையைவிடப் பாதத்தில் முதலில் அரிப்பு வருகிறவர்கள் நிறையப் பேர். எனவே கைக்கு எழுதும்போதே காலுக்கும் எழுதச் சொல்லிக் கேட்கிறோம். முடிந்தவர்களை நிற்கவைத்து எடுக்கிறோம். உடல் எடை விழும்போதுதான் விரல்களின் விலகலும் பாதத்தின் தட்டைத்தன்மையும் உள்ளபடி தெரியும்.

எக்ஸ்ரே நடந்துமுடிந்த சேதத்தைக் காட்டும். இன்று காலை விரல் ஏன் மடங்கவில்லை என்பதற்கு அல்ட்ராசவுண்டுதான் பதில். நோயின் முதல் சில ஆண்டுகளில் செயல்திறனைக் குறைப்பது பெரும்பாலும் அழற்சிதான், அது மருந்தில் திரும்பும். காலம் போகப்போக சேதத்தின் பங்கு கூடும், அது திரும்பாது. இந்த இரண்டில் எது இப்போது கையைத் தடுக்கிறது என்று பிரித்துச் சொல்வதே ஸ்கேன் செய்பவரின் உண்மையான வேலை.

அதில் தவறு நேர்வது பெரும்பாலும் மெஷினால் அல்ல, கையாலும் அறையாலும். விரல் மூட்டுக்கு 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நேர்வரிசை புரோப் (தோலில் வைக்கும் கருவிமுனை) வேண்டும். ஜெல் தாராளமாகப் பூசி, புரோபுக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் படலம் திரையில் கறுப்பாகத் தெரியும்படி தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் சவ்வின் நுண்குழாய்களில் ஓட்டம் நின்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வெறுமையாகும், ‘அழற்சி இல்லை’ என்று அறிக்கை போய்விடும். விரலை மடக்கியோ விறைப்பாக நீட்டியோ வைத்தாலும் இதே கதிதான். சிறு தலையணையில் கையைத் தளர்வாகக் கிடத்த வேண்டும். மெஷினுக்காக ஏசி கடுமையாக ஓடும் அறையில் குளிர்ந்த விரலுக்கும் இதே விளைவு உண்டு, பத்து நிமிடமாவது கை சூடேற விட வேண்டும். டாப்ளரின் பிஆர்எஃப் (ஒலித்துடிப்புகளை அனுப்பும் வேகம்) அளவை 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து, சமிக்ஞையைப் பெருக்கும் கெயினைப் புள்ளிகள் சிதறும்வரை ஏற்றி, அவை மறையும் இடம்வரை மட்டும் இறக்குவது வழக்கம். வலிமாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் சமிக்ஞை குறையலாம், எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சவ்வின் அழற்சிக்கு 0 முதல் 3 வரை தரம் போடும்போது, டாப்ளர் இல்லாத வெறும் சாம்பல்நிறப் படத்தில் 1 என்பது நோயில்லாதவர்களிடமும் காணப்படும், குறிப்பாகக் கால் கட்டைவிரலடியில். அதை வைத்து மருந்தைக் கூட்டச் சொல்வது சரியல்ல.

மருந்தைக் கூட்டும் முடிவைப் படமே எடுக்கலாமா என்று நார்வேயின் ஆர்க்டிக், ஸ்காட்லாந்தின் டாசர், டென்மார்க்கின் இமாஜின்-ஆர்ஏ ஆகிய ஆய்வுகள் பார்த்தன. முதல் இரண்டில் அல்ட்ராசவுண்டையும் மூன்றாவதில் எம்ஆர்ஐயையும் இலக்காக வைத்தார்கள். நல்ல மருத்துவப் பரிசோதனையை ஒட்டி நடக்கும் சிகிச்சையைவிட, முதன்மை அளவுகளில் தெளிவான மேன்மை எதிலும் கிடைக்கவில்லை. எங்கள் தொழிலுக்கு இது குறைவல்ல. எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் தேவையில்லை, நோயாளி சொல்வதும் மருத்துவரின் கை உணர்வதும் ஒத்துப்போகாத இடத்தில் ஸ்கேன் தேவை என்பதுதான் அதன் பொருள்.

நோயாளி சொல்வதை அளக்க எச்ஏக்யூ என்ற கேள்விப்பட்டியல் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் உருவாகி 1980இல் வெளிவந்தது. உடை, எழுதல், உண்ணல், நடத்தல், சுகாதாரம், எட்டிப் பிடித்தல், பிடி, மற்ற வேலைகள் என்று 8 பிரிவு, 20 கேள்வி. சிரமம் இல்லை என்றால் 0, முடியவே இல்லை என்றால் 3. பிரிவுக்கு ஒன்றாக உயர்ந்த எண்ணை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். கைத்தடியோ பிறர் உதவியோ தேவைப்பட்டால் அந்தப் பிரிவு 2க்குக் குறையாது. சராசரி 0.22 அளவு மாறினால் நோயாளி உணரும் மாற்றம் என்று கொள்கிறார்கள். இறைச்சி வெட்டுவது, தொட்டியில் இறங்கிக் குளிப்பது போன்ற மூலக் கேள்விகள் நம் வீடுகளுக்குப் பொருந்தாததால், குத்தவைப்பது, சம்மணமிடுவது ஆகியவற்றைச் சேர்த்த இந்திய வடிவம் 2002இல் சரிபார்க்கப்பட்டது.

பட்டியல் சரியாக இருந்தாலும் கேட்கும் விதத்தில் கெடும். “துணி பிழிய முடியுதாம்மா?” என்றால், “எப்படியோ செஞ்சுடுறேன்” என்பார்கள். அது 0 அல்ல. போன வாரம் சிரமம் இல்லாமல் பிழிந்தீர்களா, விட்டுவிட்டுப் பிழிந்தீர்களா என்று கேட்டால் 1 அல்லது 2 என்று வரும். “அதெல்லாம் மருமகதான் பண்றா” என்பது 3 அல்ல, அவள் இல்லையென்றால் உங்களால் முடியுமா என்று மறுபடி கேட்க வேண்டும். விறைப்பு காலையில் அதிகம் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்பதும் பிடிவலு பார்ப்பதும் நல்லது. பிடிவலுக் கருவி இல்லாத இடத்தில், ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டி 20 மி.மீ.க்கு ஊதி, முழங்கையை 90 டிகிரியில் வைத்து மூன்று தடவை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுக்கலாம். கடினமான கருவியைவிட வலிக்கும் விரலுக்கு இதுவே இதமானது.

எம்ஆர்ஐ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எலும்புக்குள் நீர்கோத்திருப்பதை அதுதான் காட்டும், பின்னால் அரிப்பு வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு. ஆனால் குப்புறப் படுத்துக் கையைத் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் கிடக்கச் சொல்வது, தோள்மூட்டும் பாதிக்கப்பட்டவருக்குத் தண்டனை. அவர் அசைவார், படம் கலங்கும். மல்லாந்து படுக்கவைத்துக் கையைப் பக்கவாட்டில் வைத்தால் கொழுப்பிலிருந்து வரும் சமிக்ஞையை அடக்கும் வழக்கமான முறை சரியாக வேலை செய்யாது, அங்கே அதை வேறு வழியில் அடக்கும் ஸ்டிர் என்ற பட வரிசை கைகொடுக்கும்.

படத்தில் மாற்றமே இல்லாமல் செயல் மட்டும் திடீரென்று போகும் இரண்டு நிலைகளை அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்று, நேற்றுவரை நிமிர்ந்த சுண்டுவிரல் இன்று தொங்குவது. மணிக்கட்டில் துருத்திய எலும்பு முனை உராய்ந்து நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். அறுவை மருத்துவர் வான்-ஜாக்சன் 1948இல் எழுதியது இதுதான். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது, அல்ட்ராசவுண்டில் அறுந்த முனை தெரியும். அடுத்தது மோதிர விரல், அதற்கடுத்தது நடுவிரல் என்று வரிசையாக அறுந்துகொண்டே போகும் என்பதால் அன்றைக்கே அறுவை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும்.

மற்றது கழுத்து. கைமூட்டுகள் அடங்கியிருக்கும்போது கையிலிருந்து பொருள் நழுவுவது, விரல் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது என்றால் கைப்படத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பயனில்லை. முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே கட்டு தளர்ந்து தண்டுவடம் நசுங்கலாம். பக்கவாட்டுப் படத்தில் அந்த இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள முன் இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் விலகல். தண்டுவடத்துக்கு மிஞ்சும் பின் இடைவெளி 14 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் ஆபத்து. மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் எந்த அறுவைக்கு முன்பும், பல ஆண்டு நோய் உள்ளவருக்கு இதைப் பார்க்கிறார்கள். முன்வளைவுப் படத்துக்குக் கழுத்தை அவரே, முடிந்த அளவுக்கு மட்டும் வளைக்க வேண்டும், நாம் கைவைத்துத் தள்ளக் கூடாது. கை காலில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது என்றால் அங்கேயே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். முன்வளைவுப் படம் எடுக்காமல் நேர்நிலைப் படத்தோடு விட்டுவிட்டால், விலகல் உள்ள கழுத்தும் பலருக்குச் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.