மூன்றாவது மெச், அதே கோல்

கோர்னர் கிக் உயர்ந்து வருகிறது. கிட்டக் கம்பத்தடியில் எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன்கூட இல்லை. எதிரணிக்காரன் குதிக்கவே இல்லை. நின்ற இடத்திலிருந்து தலையால் தட்டினான்.

கோல்.

இந்தத் தவணையில் மூன்று மெச். மூன்றிலும் இப்படியே வாங்கியிருக்கிறோம்.

கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்தில் தொண்டை அடைக்கக் கத்திவிட்டு, முடிந்ததும் அதே சூட்டில் பையன்களிடம் போனேன். கோல் கீப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெருவிரல் பக்கம் கிழிந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப். வியர்வையில் அதுவும் பிரிந்து தொங்கியது.

"அண்ணா, கோர்னர் பழக நேரமே கிடைக்கல்ல. கிரிக்கெட்காரங்க போன பிறகுதான் கிரவுண்ட் தாறாங்க. அப்ப இருட்டிடும்."

என்ன சொல்வது? வந்த கோபம் அவனை விட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

1995இல் இதே கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு இது. 2023இல் பீஃபா நம் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே ஏழு மாதம் இடைநிறுத்தி வைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் எத்தனை பையன்கள் இருட்டில் பந்து தேடியிருப்பார்கள்!

புதுக் கையுறை ஒரு சோடி வாங்கிவிட்டேன். சரி, அது என்னால் முடிந்தது.

கிரவுண்ட் நேரம் பற்றிப் பழைய மாணவர்களுக்கு இன்றிரவே எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் படித்தவர்கள் இதை வாசித்தால், அடுத்த மெச்சுக்கு வாருங்கள். பந்தல் பக்கம் வேண்டாம், கோல் கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள்.